மங்கும் முன்விளக்கு

பழைய மோட்டார் வண்டியை வைத்துப் போற்றி வரும் நேயர்களுக்கு இரவுப் பயணத்தில் உண்டாகும் சங்கடம் ஒன்று நன்கு தெரிந்திருக்கும். எதிரே வரும் வண்டியின் விளக்கு கண்ணைப் பறிக்கும். நம் வண்டியின் விளக்கோ சிமினி விளக்கைப் போலச் செம்மஞ்சளாக அழுது வடியும். 'பல்பு பழையதாகிவிட்டது' என்பார் ஒருவர். 'பாட்டரி போய்விட்டது' என்பார் மற்றொருவர். இரண்டையும் மாற்றிய பிறகும் விளக்கு அப்படியே எரிந்தால் என்ன செய்வது?

எனக்கு நேர்ந்தது இதுவே. கொல்கத்தாவில் உத்தியோகம் பார்க்கும் நான் வைத்திருப்பது ஒரு பழைய அம்பாசடர். இந்நகருக்கு அண்மையிலுள்ள உத்தரபாராவில் 2014-ஆம் ஆண்டு வரை உற்பத்தியான வண்டி அது. சில ஆண்டுகளுக்கு முன், மார்கழி மாதத்து இரவொன்றில், சாந்திநிகேதனத்திலிருந்து குடும்பத்தோடு திரும்பிக்கொண்டிருந்தேன். பர்த்வானைத் தாண்டியதும் பனிமூட்டம் சூழ்ந்துகொண்டது. வைக்கோல் ஏற்றிய மிதிவண்டி ஒன்று பின்விளக்கு ஏதுமின்றி முன்னே சென்றுகொண்டிருந்தது. அதை முதலில் கண்டவள் என் மனைவி; நான் அல்லன். வண்டியை நிறுத்தியபோது இடைவெளி ஒரு முழம்கூட இல்லை. பின்னால் குழந்தைகள் விழிக்காமல் உறங்கிக்கொண்டிருந்தனர்.

மறுநாளே பட்டறைக்குப் போனேன். புதிய பல்புகள் இரண்டு, புதிய பாட்டரி ஒன்று. பணம் கரைந்தது, வெளிச்சம் கூடவில்லை. அதன் பின்னரே, விளக்குக்கும் பாட்டரிக்கும் நடுவில் உள்ள பாதையைப் பற்றி நான் சிந்திக்கலானேன்.

12 வோல்ட்டில் எரிவதற்கென அமைந்த இழை பல்புக்கு ஒரு விசித்திர குணம் உண்டு. அதற்குக் கிடைக்கும் வோல்ட் பத்தில் ஒரு பங்கு குறைந்தால், வெளிச்சமும் பத்தில் ஒரு பங்குதான் குறையும் என்று நாம் எண்ணுவோம். அவ்வாறன்று, ஏறக்குறைய பத்தில் மூன்று பங்கு வெளிச்சம் போய்விடும். இழையின் வெப்பம் சிறிது தணிந்தாலே ஒளி பெரிதும் குன்றி, நிறமும் சிவந்துவிடுகிறது. ஆகவே வழியில் ஒன்றிரண்டு வோல்ட் தொலைந்தால் அதை அற்பமென்று தள்ளிவிட இயலாது.

அந்த வோல்ட் எங்கே தொலைகிறது? 55 வாட் பல்பு ஒன்று ஏறத்தாழ நாலரை ஆம்பியர் மின்னோட்டத்தை இழுக்கும்; இரண்டும் சேர்ந்து ஒன்பது ஆம்பியர். இவ்வளவு மின்னோட்டம் செல்லும் வழியில், துருப்பிடித்த இணைப்பொன்றில் ஓர் ஓமில் பத்திலொரு பங்கு தடை இருந்தாலே ஏறத்தாழ ஒரு வோல்ட் அங்கேயே வெப்பமாக வீணாகும். பழைய வண்டியில் இத்தகைய இணைப்புகள் பல.

அவற்றுள் முதற்கண் சந்தேகிக்க வேண்டியது 'எர்த்' இணைப்பு. நான் மொழிபெயர்ப்புத் தொழில் செய்பவன். இச்சொல்லைப் 'புவியிணைப்பு' என்று எழுதிப் பழகியவன். ஆனால் ரப்பர்ச் சக்கரங்களின் மேல் நிற்கும் வண்டிக்குப் பூமியோடு தொடர்பு ஏது? வண்டியின் இரும்பு உடலே மின்சாரம் பாட்டரிக்குத் திரும்பிச் செல்லும் வழி. அதற்குத்தான் அந்தப் பெயர். எந்த மாநிலத்துப் பட்டறையானாலும் 'எர்த்' என்றால் மிஸ்திரிக்கு விளங்கும். என்னுடைய கலைச்சொல் விளங்காது. பாட்டரியிலிருந்து விளக்குக்கு வரும் ஒயரைப் பலரும் பார்ப்பார்கள். திரும்பிப் போகும் வழியைப் பார்ப்பவர் சிலரே. மழையும் சேறும் படும் இடத்தில், வண்ணம் பூசிய தகட்டின்மேல் ஒரு போல்ட்டை முடுக்கி எர்த் கொடுத்திருப்பார்கள். ஆண்டுகள் செல்லச் செல்ல அதனடியில் துரு படர்ந்துவிடும்.

எர்த் கெட்டதற்கு ஓர் அடையாளம் உண்டு. தாழ்ந்த ஒளியைப் போட்டிருக்கும்போது, தூர ஒளிக்குரிய நீல அறிவிப்பு விளக்கு மங்கலாக எரிகிறதா என்று பாருங்கள். எரிந்தால், திரும்ப வழியில்லாத மின்சாரம் அதே பல்பின் மற்றோர் இழை வழியாகக் குறுக்கே புகுந்து அலைகிறது என்று பொருள்.

சோதனை எளிது. சாதாரண மல்டிமீட்டர் ஒன்று போதும். முன்விளக்கை எரியவிட்டுக்கொண்டே அளக்க வேண்டும் என்பதை மறவாதீர்கள்; மின்னோட்டம் இல்லாதபோது கெட்ட இணைப்பும் நல்லதாகவே தோன்றும். மீட்டரின் ஒரு முனையைப் பாட்டரியின் எர்த் முனையிலும், மற்றொன்றைப் பல்பின் எர்த் ஊசியிலும் வையுங்கள். இரண்டும் ஒரே வழியின் இரு கோடிகள். ஆகையால் மீட்டர் சுழிக்கு அருகில் காட்ட வேண்டும். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் கெட்டிருக்கிறது. அவ்வாறே பாட்டரியின் மறுமுனைக்கும் பல்புக்கு மின்சாரம் வரும் ஊசிக்கும் இடையே அளந்தால் வரும் வழியின் குறை தெரியும். பழைய பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் நேர்முனையே எர்த் ஆக இருந்தது. உங்கள் வண்டியில் எது என்பதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த முறையில் ஒயர் இழுத்த வண்டிகளில் கறுப்பு ஒயர் எர்த். நீலத்தில் வெள்ளைக் கோடு தூர ஒளி. நீலத்தில் சிவப்புக் கோடு தாழ்ந்த ஒளி.

என் வண்டியில் பாட்டரியில் 12.2 வோல்ட் இருந்தது, பல்பில் 10.1 மட்டுமே. வெளிச்சத்தில் ஏறத்தாழப் பாதி போயிற்று! தொலைந்த 2.1 வோல்ட்டில் 1.2 எர்த் வழியில். ரேடியேட்டருக்குப் பக்கத்தில் இரு விளக்குகளின் கறுப்பு ஒயர்களும் ஒரே போல்ட்டில் வந்து சேர்ந்திருந்தன. பாட்டரியின் எர்த் கம்பியைக் கழற்றிவிட்டு, அந்தப் போல்ட்டின் அடியை உப்புத்தாளால் பளபளக்கத் தேய்த்து, இறுக முடுக்கி, மேலே வாசலின் தடவினேன். அரை மணி நேர வேலை.

எஞ்சிய 0.9 வோல்ட் ஸ்விட்சுகளில் போய்க்கொண்டிருந்தது. பழைய வண்டிகளில் முன்விளக்கின் மின்னோட்டம் முழுவதும் டாஷ்போர்டு ஸ்விட்ச் வழியாகவும் டிப் ஸ்விட்ச் வழியாகவும் சுற்றி வரும். பல வண்டிகளில் இந்த டிப் ஸ்விட்ச் காலால் மிதிப்பதற்காகத் தரையில் இருக்கும். செருப்பின் ஈரமும் மண்ணும் அதற்குத்தான். இரண்டு விளக்குகளிலும் ஒரே ஒளி மட்டும் அடியோடு அணைந்தால் இதையே முதலில் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் அணைந்தால் பெரும்பாலும் பல்பு. வோல்ட் சரியாக இருந்தும் வெளிச்சம் இல்லையெனில், உள்ளேயிருக்கும் பிரதிபலிப்பான் கறுத்திருக்கும். டைனமோ உள்ள வண்டி நிற்கும்போது மங்கி, வேகமெடுத்தால் தெளிவது இயற்கை. அதைப் பழுதென்று எண்ண வேண்டா.

ஸ்விட்சின் சுமையைக் குறைக்க ரிலே பொருத்துவது நல்ல ஏற்பாடு. பழைய ஸ்விட்ச் ரிலேயை ஏவ மட்டும் செய்யும். பெரிய மின்னோட்டம் பாட்டரியிலிருந்து நேரே விளக்குக்குப் போகும். ரிலேயின் 30-ஆம் முனைக்குப் பாட்டரியிலிருந்து தடித்த ஒயர், 87 விளக்குக்கு, 85, 86 இரண்டும் ஏவும் சுருளுக்கு. தூர ஒளிக்கு ஒன்று, தாழ்ந்த ஒளிக்கு ஒன்று. பாட்டரிக்கு அருகிலேயே ஃபியூஸ் வைக்க வேண்டும். பல பழைய வண்டிகளில் முன்விளக்குக்கென ஃபியூஸே இராது. ரிலே போட்டுவிட்டால் எர்த் தானே சரியாகிவிடாது என்பதையும் இங்குச் சொல்லிவிடுகிறேன்.

'100 வாட் பல்பு போடுங்கள் சார்' என்ற யோசனை மட்டும் வேண்டா. இரண்டு பல்புகளுமாக ஏறத்தாழ 17 ஆம்பியரை இழுக்கும்போது, பழைய ஒயரும் ஸ்விட்சும் உருகிப் புகையும். எதிரே வருபவருக்கோ கண் தெரியாது.

வேலை முடிந்தபின் பல்பில் 11.8 வோல்ட் வந்தது. கழற்றி வைத்திருந்த பழைய பல்புகளை எடுத்து மீண்டும் மாட்டிப் பார்த்தேன். அவையும் வெள்ளை வெளேரென எரிந்தன.