குவாதியானா கரையில் ஓர் எல்லைக் கோட்டை

பூமியில் பயணம் செய்து, முன்சென்றோரின் முடிவைக் கவனிக்கும்படி குர்ஆன் பல இடங்களில் நம்மை அழைக்கிறது. அப்படிப் பார்க்க வேண்டிய ஊர்களில் ஒன்று ஸ்பெயினின் மெரிடா. அரபியில் மாரிதா, அந்தலூஸின் மேற்கு எல்லைப் பகுதிக்கு ஒரு காலத்தில் தலைநகர்.

இங்கே குவாதியானா ஆற்றின் மேல் ரோமர் கட்டிய பாலம் சுமார் 790 மீட்டர் நீளத்துக்குச் செல்கிறது. இப்போது வாகனங்கள் கிடையாது. முதியவர்களும் குழந்தைகளும் சிரமமின்றி நடக்கலாம். நகரின் பக்கம் பாலம் முடியும் இடத்தில் அல்கசாபா கோட்டை நிற்கிறது. ஹிஜ்ரி 220இல் (கி.பி. 835) அமீர் இரண்டாம் அப்துர் ரஹ்மான் கட்டியது. உள்ளே படிகளில் இறங்கினால் ஆற்று நீர் ஊறி வந்து சேரும் தொட்டியைக் காணலாம். அதன் மேலே பள்ளிவாசல் இருந்தது.

இந்தக் கோட்டை யாருக்கு எதிராக? திரும்பத் திரும்பக் கிளர்ந்தெழுந்த உள்ளூர் மக்களை அடக்கத்தான். கிளர்ச்சித் தலைவர்களில் முஸ்லிம்களும் இருந்தனர். எல்லையில் இருந்தவர்களே தமக்குள் மோதிக்கொண்டார்கள். 1230இல் ஊர் கைமாறியது.

அந்தலூஸின் பெருமையை நம் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். இந்தப் பிளவையும் சேர்த்துச் சொன்னால்தான் பாடம் முழுமையாகும்.