உங்களுக்குத் தெரியுமா? மூன்று முறை கழுவிய கீரையிலும் கிருமி!
2006-ல் அமெரிக்காவின் 26 மாநிலங்களில் சுமார் 200 பேர் நோயில் விழுந்தார்கள். 31 பேருக்குச் சிறுநீரகம் பழுதானது. மூன்று பேர் இறந்தே போனார்கள். காரணம், பையில் அடைத்து விற்ற இளம் பாலக் கீரை. அது ஆலையில் மூன்று முறை கழுவிய கீரை. அவர்களை நோயில் தள்ளிய அதே ஈ.கோலை ஓ157:எச்7 கிருமி, கலிபோர்னியாவில் அது விளைந்த வயலுக்கு அருகே மாட்டுச் சாணத்திலும் காட்டுப்பன்றியிடமும் ஓடைநீரிலும் கிடைத்தது.

கழுவியும் ஏன் போகவில்லை? கீரையைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத இலைத்துளைகள் மூச்சுவிடத் திறந்திருக்கின்றன; கிருமி அவற்றுக்குள் புகுந்துகொள்ளும். கத்தி பட்ட தண்டின் வெட்டுவாயில் கசியும் சாறோ அதற்குத் தீனி. அங்கெல்லாம் தண்ணீரும் குளோரினும் சரியாக எட்டுவதில்லை. நூற்றுக்கும் குறைவான கிருமிகள் வயிற்றுக்குள் போனாலே போதும், நோய் வந்துவிடலாம். குழந்தைகளை நினைத்தால்தான் நெஞ்சு பதறுகிறது.

நன்றாகக் கொதித்து வெந்தால் இந்தக் கிருமி செத்துவிடும். அதனால் கடைந்த கீரையில் பயமில்லை. அடுப்பை அணைத்தபின் ரசத்தில் தூவும் கொத்துமல்லி, பச்சையாக அரைக்கும் புதினாச் சட்னி, இவற்றுக்குத்தான் கூடுதல் கவனம் வேண்டும். வேரை அறுத்தெறிந்து, மண் போகும்வரை ஓடும் நீரில் அலசி, நறுக்கியதும் பயன்படுத்திவிடுங்கள்.