தொட்டியைத் தேய்த்த பிறகே குளோரின்

எப்போதும் மூடியே இருக்கும் உங்கள் மாடித் தண்ணீர்த் தொட்டியின் உட்சுவரை விரலால் தடவிப் பாருங்கள். வழுவழுப்பாக ஏதோ ஒட்டும். பாசி என்று நினைப்பீர்கள். பாசிக்கு வெளிச்சம் வேண்டும்; இருட்டுத் தொட்டியில் அது வளராது. நீங்கள் தொட்டது பெரும்பாலும் உயிர்ப்படலமாக இருக்கும் (பாக்டீரியாக்கள் தாங்களே சுரக்கும் பசைக்குள் கூட்டமாக ஒட்டி வாழும் அடுக்கு). தெருவுக்கு அடியில் போகும் குடிநீர்க் குழாயின் உட்சுவரிலும் இதே படலம் உண்டு.

சுத்திகரித்துத்தானே அனுப்புகிறார்கள், பாக்டீரியா எங்கிருந்து வந்தது? சுத்திகரிப்பு நிலையத்தின் வேலை நோய்க்கிருமிகளை ஒழிப்பது. தண்ணீரில் ஓர் உயிர்கூட மிஞ்சாமல் செய்வது அல்ல. தப்பிய சில பாக்டீரியாக்கள் குழாய்ச் சுவரில் ஒட்டுகின்றன. இலைதழை மக்கிக் கரைந்த எச்சம் தண்ணீரில் துளியளவு இருந்தாலே அவற்றுக்குச் சாப்பாடு ஆயிற்று. இரும்புக் குழாயின் துரு மேடுகள் ஒளிய இடம் தருகின்றன. பிளாஸ்டிக் குழாயிலும் படலம் வளரும்.

குளோரின் அவற்றைக் கொல்லாதா? தண்ணீரில் தனியாக மிதக்கும் பாக்டீரியாக்களைக் குளோரின் விரைவில் கொன்றுவிடும். சுவரில் ஒட்டியவற்றிடம் அதன் கை ஓங்குவதில்லை. குளோரின் பலவற்றோடும் எளிதில் வினைபுரியும் பொருள். படலத்தின் மேற்பரப்பில் உள்ள பசையோடு வினைபுரிந்தே அது தீர்ந்துபோகிறது; உள்ளே இருப்பவை பிழைத்துக்கொள்கின்றன. பல்லில் படியும் படலத்தை நினைத்துக்கொள்ளுங்கள்: மருந்து நீரால் வாய் கொப்பளித்தால் அது போகாது, துலக்கினால்தான் போகும்.

அப்படியானால் குளோரினை நிறையக் கலந்துவிட்டால் என்ன? குடிக்க முடியாத அளவுக்கு வாடை அடிக்கும். தண்ணீரில் உள்ள கரிமப் பொருளோடு சேர்ந்து வேண்டாத துணைச் சேர்மங்களும் கூடும். குளோரினின் உண்மையான பயன் வேறு. வழியில் புதிதாக நுழையும் கிருமியைக் கொல்ல, குழாய் முனை வரை கொஞ்சம் மிஞ்சியிருக்க வேண்டும். இதை எஞ்சிய குளோரின் என்பார்கள். இந்தியக் குடிநீர்த் தரக்குறியீடு லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் இருக்க வேண்டும் என்கிறது. ஆகவே தண்ணீரில் லேசாகக் குளோரின் வாடை வந்தால் முகம் சுளிக்காதீர்கள். காவல் இன்னும் மிச்சம் இருக்கிறது என்று பொருள்.

படலத்தால் எனக்கு என்ன கெடுதல்? அதில் வாழ்பவை பெரும்பாலும் தீங்கற்றவை. கவலை இரண்டு விஷயங்களில்தான். முதலாவது, படலம் எஞ்சிய குளோரினைத் தின்றுவிடுகிறது. விரிசல் வழியாகச் சாக்கடை நீர் கசிந்தால் தடுக்க ஆள் இல்லை. இரண்டாவது, சில நோய்க்கிருமிகளுக்கு அது புகலிடம். 1976இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் கூடிய முன்னாள் படைவீரர்களைத் தாக்கிய நிமோனியாவுக்குக் காரணமான லெஜியோனெல்லா, வெதுவெதுப்பான நீர்க்குழாய்ப் படலங்களில் பெருகக்கூடியது. நீர்த்துளியை மூச்சோடு இழுக்கும்போது தொற்றும். முதியவர்களும் நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களும் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

குளோரினே இல்லாமல் சமாளிக்கும் ஊர் உண்டா? உண்டு. நெதர்லாந்தில் எஞ்சிய குளோரின் இல்லாமலே வீடுகளுக்குக் குடிநீர் போகிறது. பாக்டீரியாவுக்கு உணவாகும் கரிமப் பொருளை நிலையத்திலேயே வடித்துவிடுகிறார்கள். குழாயில் கசிவு மிகக் குறைவு. அழுத்தம் ஒருபோதும் குறைவதில்லை. மூன்றும் சேர்ந்திருப்பதால்தான் அது நடக்கிறது.

நம் ஊரில் மூன்றாவதுதான் பெரிய குறை. ஒருநாள் விட்டு ஒருநாள், சில மணி நேரம் தண்ணீர் விடுகிறார்கள். தண்ணீர் நின்ற நேரத்தில் குழாயின் அழுத்தம் விழுந்து, வெளியிலிருக்கும் அழுக்கு கசிவுகள் வழியாக உள்ளே வருகிறது. மீண்டும் திறந்ததும் பாய்ந்து வரும் தண்ணீர், சுவரில் இருந்த படலத்தையும் வண்டலையும் பிய்த்துக்கொண்டு வருகிறது. கர்நாடகத்தின் ஹூப்ளி-தார்வாட்டில் சில வார்டுகளுக்கு 24 மணி நேரமும், மற்றவற்றுக்கு விட்டுவிட்டும் தண்ணீர் வந்த காலத்தில் இரண்டையும் ஒப்பிட்டார்கள். விட்டுவிட்டு வந்த வீட்டுக் குழாய்களில் எடுத்த மாதிரிகளில் 100க்குச் சுமார் 32இல் ஈ.கோலை (மலத்திலிருந்து வரும் பாக்டீரியா) இருந்தது. 24 மணி நேரம் வந்த குழாய்களில் அது 100க்கு ஒன்றுக்கும் குறைவு. 2013இல் இந்த முடிவுகள் வெளியாயின.

சரி, வீட்டில் நான் என்ன செய்வது? முதலில், தண்ணீர் வந்தவுடன் குடிக்கப் பிடிக்காதீர்கள். கலங்கல் தெளியும் வரை வருவதைத் தனி வாளியில் பிடித்துக் கழுவவும் துடைக்கவும் வைத்துக்கொள்ளுங்கள். தெருவில் குழாய் பழுது பார்த்த மறுநாளும் இப்படியே. குடிநீரைத் தளதளவென்று கொதிக்கவிட்டு, அதன்பின் ஒரு நிமிடம் அடுப்பில் வைத்திருந்தால் போதும்.

தொட்டியை எப்படிச் சுத்தம் செய்வது? ஆறு மாதத்துக்கு ஒருமுறை காலி செய்யுங்கள். சுவர், மூலை, மூடியின் அடிப்பக்கம் எல்லாவற்றையும் பிரஷ்ஷால் அழுத்தித் தேய்த்து, அழுக்கு நீரை வெளியேற்றுங்கள். இதை முடித்த பிறகே பிளீச்சிங் பவுடர். 1,000 லிட்டர் தொட்டிக்கு 200 கிராம் பவுடரை ஒரு வாளித் தண்ணீரில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் தெளிந்த நீரை மட்டும் தொட்டியில் ஊற்றி நிரப்புங்கள். (பவுடரில் கால் பங்கு குளோரின் என்று கொண்டால், லிட்டருக்கு 50 மில்லிகிராம் வரும்.) வீட்டுக் குழாய் ஒவ்வொன்றையும் குளோரின் வாடை வரும்வரை திறந்து மூடுங்கள். இரவு முழுக்க விட்டு, காலையில் எல்லாவற்றையும் வடித்துவிட்டு, நல்ல தண்ணீரால் அலசுங்கள். இடைப்பட்ட நேரத்தில் அந்தத் தண்ணீரை யாரும் குடிக்கவோ அதில் குளிக்கவோ கூடாது.

இதில் கவனிக்க வேண்டியது என்ன? வாடையே இல்லாமல் கட்டி தட்டிய பழைய பவுடரில் வீரியம் இருக்காது. டாய்லெட் ஆசிட்டோடு பவுடரைச் சேர்க்கவே கூடாது. நச்சு வாயு கிளம்பும். தரைக்கு அடியில் உள்ள சம்புக்குள் துணைக்கு ஆள் இல்லாமல் இறங்காதீர்கள்.

ஆர்.ஓ. மெஷின் இருக்கிறதே, எனக்கும் இதெல்லாம் தேவையா? தேவைதான். அதிலுள்ள கார்பன் வடிகட்டி குளோரினையும் எடுத்துவிடுகிறது. மெஷினின் சேமிப்புத் தொட்டியில் நிற்கும் தண்ணீருக்குக் காவல் கிடையாது. படலம் அங்கேயும் வளரும். வடிகட்டியை உரிய காலத்தில் மாற்றி, உள்தொட்டியையும் கழுவச் சொல்லுங்கள். ஊருக்குப் போய் வந்தால் அதில் நின்ற தண்ணீரைக் கொட்டிவிடுங்கள்.

வெளியூர் போய்த் திரும்பிய அன்று வேறென்ன? எல்லாக் குழாய்களையும் சில நிமிடம் ஓடவிடுங்கள். லெஜியோனெல்லா உள்ள நீர்த்துளியை மூச்சில் இழுக்காமல் இருக்க, ஷவரைத் திறந்துவிட்டு வெளியே வந்து நில்லுங்கள். தண்ணீரைத் தேக்கிச் சூடாக்கும் கீசரை 60 டிகிரிக்குக் குறையாமல் வையுங்கள். குளிக்கும்போது பச்சைத் தண்ணீர் கலந்துகொள்ளலாம்.

தெருக் குழாய்க்கு நான் என்ன செய்ய முடியும்? கேட்க முடியும். குடிநீர் ஊழியர்களிடம் குளோரோஸ்கோப் (எஞ்சிய குளோரினை நிறம் பார்த்து அளக்கும் சிறு கருவி) உண்டு. உங்கள் தெருவின் கடைசி வீட்டில் அளந்து காட்டச் சொல்லுங்கள். குளோரின் முதலில் தீர்ந்துபோவது குழாயின் கடைசியில்தான், அங்கே 0.2 இருந்தால் தெரு முழுக்க இருக்கும். அளவு குறைந்தால், குழாயின் அந்த முட்டு முனையைத் திறந்து வண்டலை வெளியேற்றும்படி எழுதிக் கொடுங்கள். உங்கள் தொட்டிக்கு நீங்கள் செய்யும் அதே வேலையைத்தான் அவர்களிடமும் கேட்கிறீர்கள்: அழுக்கு முதலில், மருந்து பிறகு.