மேடுதான் பிரேக்

மவுண்டன் போர்டில் முதல்முறை ஏறி நிற்பவரின் கண் பிரேக்கைத் தேடும். பெரும்பாலான பலகைகளில் அது இருக்காது. ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளப் பலகை, காற்றடைத்த நாலு டயர், பாதத்தை நுழைத்துக்கொள்ள இரண்டு பட்டைகள், அவ்வளவுதான். எதிரே புல்சரிவு. பிறகு எப்படி நிற்பது? இந்தக் கேள்விக்கான விடையைப்போல அழகான இயற்பியல் பாடத்தை நான் வேறு விளையாட்டில் பார்த்ததில்லை.

பனி உருகிய கோடையிலும் மலையை விட்டு வர மனமில்லாத ஸ்னோபோர்டுக்காரர்களுக்கு இந்தப் பலகை உருவானதில் பெரும் பங்கு உண்டு. 1990-களின் தொடக்கத்தில் அமெரிக்கா, இங்கிலாந்து, ஆஸ்திரேலியா என மூன்று இடங்களில் தனித்தனியே இந்த யோசனை முளைத்தது. கொலராடோவில் இந்தப் பலகைகளைத் தயாரிக்கும் எம்பிஎஸ் நிறுவனம் 1993-இல் தொடங்கியது. ஸ்கேட்போர்டின் சக்கரத்துக்கு விட்டம் ஐந்து சென்டிமீட்டர் சொச்சம்தான். ஒரு கூழாங்கல் போதும், பலகை நின்றுவிடும், ஆள் மட்டும் பறப்பார். மவுண்டன் போர்டின் டயரோ சுமார் இருபது சென்டிமீட்டர். சின்னச் சக்கரத்துக்குச் சுவராக நிற்கும் கல், பெரிய சக்கரத்துக்கு வெறும் மேடு. உள்ளேயிருக்கும் காற்றும் கொஞ்சம் அமுங்கிக் கொடுக்கும்.

திருப்புவதற்குக் கைப்பிடி கிடையாது. பலகையைத் தரையில் வைத்து அதன் ஒரு விளிம்பைக் கையால் அழுத்திப் பாருங்கள். பலகை சாயச் சாய, முன் அச்சு அந்தப் பக்கமாகத் திரும்பும், பின் அச்சு அதற்கு நேர் எதிராகத் திரும்பும். இரண்டும் சேர்ந்து பலகையை ஒரே வட்டப்பாதையில் இழுத்துச் செல்லும். சாய்ந்தால் திரும்பும் இந்த உத்தியை 1863-இலேயே அமெரிக்காவின் ஜேம்ஸ் பிளிம்ப்டன் தம் ரோலர் ஸ்கேட்டில் புகுத்திக் காப்புரிமை பெற்றுவிட்டார்.

எந்தக் காலை முன்னால் வைப்பது என்று தெரியவில்லையா? யாராவது பின்னாலிருந்து லேசாகத் தள்ளட்டும். தன்னையறியாமல் முன்னே போகும் கால்தான் பெரும்பாலும் முன்கால்.

இனி அந்தப் பிரேக்குக்கு வருவோம். சரிவு செங்குத்தானதோ மிதமானதோ, உராய்வை ஒதுக்கிவிட்டால், இறங்கிய உயரம் ஒன்றானால் கிடைக்கும் வேகமும் ஒன்றுதான். 1638-இல் வெளியான நூலில் கலிலியோ இதை அடிப்படையாக வைத்தே வாதிட்டார். ஒரு மீட்டர் உயரம் இறங்கினால் மணிக்கு 16 கிலோமீட்டர். வேகம் இரட்டிக்க நாலு மீட்டர் இறங்க வேண்டும். நிஜத்தில் புல்லும் டயரும் இதில் கணிசமாகப் பிடுங்கிக்கொள்ளும். ஆனால் உயரம் வேகமாக மாறுமென்றால், வேகத்தையும் உயரமாக மாற்றலாம் அல்லவா? பலகையை வளைத்து மேட்டை நோக்கித் திருப்பினால் அதுதான் நடக்கிறது. எந்த மேடு வேகத்தைக் கொடுத்ததோ, அதே மேடு அதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறது.

சொல்வது எளிது. பயந்த உடம்பு இதற்கு நேர்மாறாக நடந்துகொள்ளும். பள்ளத்தைப் பார்த்ததும் உடல் தானாகவே பின்னால் சாயும். பாரம் முழுக்கப் பின்சக்கரத்துக்குப் போய்விட, முன்சக்கரங்கள் தரையை வெறுமனே தொட்டுக்கொண்டு உருளும். எவ்வளவு சாய்ந்தாலும் பலகை ஒழுங்காகத் திரும்பாது. திரும்பாததால் வேகம் கூடும், வேகம் கூடக் கூட உடம்பு இன்னும் பின்னால் போகும். இந்தச் சுழலை அறுக்க ஒரே வழி, முழங்காலை மடக்கி, பயம் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கமே பாரத்தைக் கொண்டுபோவது. இதை வாயால் சொல்லிக் கொடுத்து மாளாது. எதிர்பார்த்ததற்கும் நடந்ததற்கும் உள்ள வித்தியாசத்தை ஒவ்வொரு தடுமாற்றத்திலும் சிறுமூளை கணக்கிட்டு, அடுத்த முறை தசைகளுக்குப் போகும் கட்டளையைத் திருத்துகிறது. அந்தத் திருத்தங்கள் நிலைக்க இரவுத் தூக்கமும் உதவுகிறது.

ஆகவே முதல் நாள் இடத்தேர்வுதான் எல்லாம். காலால் எளிதாக ஏறி இறங்கக்கூடிய புல்சரிவு, அதன் அடியில் சமதரை அல்லது எதிர்மேடு. சாலையோ வேலியோ பக்கத்தில் கூடாது. ஹெல்மெட்டும் மணிக்கட்டுக் காப்பும் கட்டாயம். விழும்போது கையை ஊன்றுவது மனித இயல்பு, முதலில் அடிபடுவது மணிக்கட்டுதான்.

பாதிச் சரிவில், பார்வையை முதலில் மேட்டுப் பக்கம் திருப்ப வேண்டும். தோள் பார்வையைத் தொடரும், இடுப்பு தோளைத் தொடரும், குதிகாலோ விரல்நுனியோ விளிம்பை அழுத்தும். டயரின் சரசரப்பு மெல்ல அடங்கும். பலகை சரிவுக்குக் குறுக்காக நிற்கும் அந்த நொடியில் பட்டையிலிருந்து காலை எடுத்துவிடலாம். பலகையின் மூக்கு மேட்டைப் பார்த்தபடி இருந்தாலோ பின்னால் உருண்டுவிடும். இறங்கித் திரும்பிப் பார்த்தால், மடங்கிய புல்லில் தடம் அரிவாள்போல் வளைந்து கிடக்கும்.