தீர்ப்புச் சொல்லாத மூன்றாமவர்

தொடர்: அயலும் நாமும் – 7
லொங்குய்ய், மொன்றியல்

கியூபெக்கில் ஜூலை 1 வீடு மாறும் நாள். வாடகை ஒப்பந்தங்களில் பெரும்பாலானவை ஜூன் 30உடன் முடிவதால், மொன்றியலிலும் ஆற்றுக்கு இக்கரையில் இருக்கும் லொங்குய்யிலும் அன்றைக்குத் தெருவெல்லாம் மெத்தையும் பிரிட்ஜும் லொறியுமாக இருக்கும். ஒரே நாளில் ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குப் புது அயல் வந்து சேருகிறது. பிணக்குகள் முளைப்பது அதற்கடுத்த கிழமைகளில். இரண்டு மூன்று தட்டாக அடுக்கிக் கட்டிய வீடுகள் இங்கே அதிகம். மேல்தட்டில் பிள்ளை ஓடினால் கீழ்த்தட்டில் நித்திரை கலையும். கார் நிறுத்தும் இடம், பனி வழித்துக் கொட்டும் இடம், குப்பை வாளி, கறி வாசம் என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்து, குளிர் தொடங்கும்போது இரண்டு வீட்டாரும் முகம் பார்க்காமல் படியேறுவார்கள்.

பொலிசைக் கூப்பிடலாம். வீட்டுச் சொந்தக்காரரிடம் முறையிடலாம். வாடகை வீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். நம்மவர்களில் எத்தனையோ பேர் இவை எதையும் செய்யாமல், பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த ஜூலைவரை இருந்து வேறு வீடு பார்த்துவிடுகிறார்கள். இந்தக் கிழமை நான் எழுதுவது இன்னொரு வழியைப் பற்றி. அயலில் இருக்கும் சாதாரண மனிதர்கள், பயிற்சி எடுத்துக்கொண்டு, ஒரு சதமும் வாங்காமல் செய்யும் மத்தியஸ்தம் அது.

எக்கிஜுஸ்தீஸ் என்ற வலையமைப்பு கியூபெக்கின் பல பகுதிகளில் இதை இலவசமாக நடத்துகிறது. சட்டமும் இந்தப் பக்கமே சாய்ந்திருக்கிறது. 2016 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள கியூபெக்கின் குடியியல் நடைமுறைக் கோவையின் முதலாம் உறுப்புரையே, நீதிமன்றத்தின் கதவைத் தட்டுமுன் வெளியே பேசித் தீர்க்கும் வழிகளைப் பரிசீலிக்க வேண்டும் என்கிறது.

இருவரையும் இருத்தி வைத்து "விட்டுக்கொடுங்கோ" என்று சொல்வதுதானே, இதற்கு எதற்குப் பயிற்சி என்று தோன்றலாம். கற்பனையாக ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். மேல்தட்டில் இருப்பவர் தொழிற்சாலையில் பின்னேர வேலை செய்யும் தமிழர். இரவு ஒரு மணிக்கு வந்து குளித்து, சோற்றைச் சூடாக்கிச் சாப்பிடுகிறார். கீழ்த்தட்டில் ஓய்வுபெற்ற பிரெஞ்சுக்காரப் பெண்மணி. மாறிமாறிச் சுவரில் தட்டி, கடிதம் ஒட்டி, பொலிஸ்வரை போயாகிவிட்டது. மத்தியஸ்தர் இருவரையும் முதலில் தனித்தனியே சந்திப்பார். "ஏன் சத்தம் போடுறீங்கள்?" என்று அவர் கேட்பதில்லை. "வேலையால வந்தபிறகு என்ன செய்வீங்கள் ஐயா?" என்று கேட்கிறார். பதிலை முழுக்கக் கேட்டு, "பதினொரு மணித்தியாலத்துக்குப் பிறகு அப்பதான் முதல் சூடான சாப்பாடு, இல்லையா?" என்று அவர் சொன்னதையே திருப்பிச் சொல்கிறார். கீழ்வீட்டுப் பெண்மணியிடம் இதே பொறுமையோடு கேட்டால், சத்திரசிகிச்சை முடிந்து வந்த கணவருக்கு இரவில் நித்திரையே இல்லை என்பது தெரிய வருகிறது. இருவரும் ஒரே மேசைக்கு வரும் நாளில், இதை அவரவர் வாயால் மற்றவருக்குச் சொல்ல விடுவதோடு மத்தியஸ்தரின் வேலை முக்கால்வாசி முடிந்துவிடும். கம்பளம் விரிப்பது, கதிரைக் கால்களுக்கு மெத்தென்ற துண்டு ஒட்டுவது, தொலைபேசி இலக்கம் மாற்றிக்கொள்வது எல்லாம் அவர்களே கண்டுபிடிக்கும் வழிகள்.

இதில் கடினமான பகுதி, தனக்கு நன்றாகத் தெரிந்த தீர்வை மத்தியஸ்தர் வாய்க்குள்ளேயே வைத்திருப்பது. நாங்கள் வளர்ந்த ஊரில் நடுவில் நிற்பவர் பெரியவர். அவர் கேட்பார், யோசிப்பார், கடைசியில் சொல்வார். சொன்னதை மீறினால் மரியாதை போகும். அந்தப் பழக்கத்தை உதறுவதற்குத்தான் பயிற்சி. தீர்ப்பு வெளியிலிருந்து வந்தால் தோற்றவர் ஒருவர் இருப்பார். தோற்றவர் அடுத்த நாளும் அதே படியில் ஏற வேண்டும்.

இலங்கை இதை நாடளாவிய அளவில் செய்து பார்த்திருக்கிறது. நம்மவர்கள் பலருக்கு அது மறந்தே போய்விட்டது. 1958இல் இணக்க சபைகள் வந்தன; அரசியல் தலையீடு என்ற குற்றச்சாட்டுகளுக்கிடையே 1978இல் அவை இல்லாமலாகின. பத்து வருடம் கழித்து, 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டம் மத்தியஸ்த சபைகளைக் கொண்டுவந்தது. 1990இல் அவை இயங்கத் தொடங்கின. சபையில் இருப்பவர்கள் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், தபாலதிபர்கள், விவசாயிகள் போன்றவர்கள். சனி, ஞாயிறில் பள்ளிக்கூட மண்டபத்திலோ கோயில், விகாரை மண்டபத்திலோ கூடுவார்கள். பிணக்குக்காரர் ஒவ்வொருவரும் ஒரு மத்தியஸ்தரைத் தெரிவார். அந்த இருவரும் சேர்ந்து மூன்றாமவரைத் தெரிவார்கள். சட்டத்தரணி யாருக்காகவும் பேச முடியாது. தொடக்கத்தில் 25,000 ரூபாய்க்குட்பட்ட பணப் பிணக்குகள் முதலில் இங்கே வர வேண்டும் என்றிருந்தது. பிற்பாடு அந்த எல்லை பல மடங்கு உயர்ந்தது. இணங்கவில்லை என்ற சான்றிதழ் இருந்தால்தான் அந்த வழக்கை நீதிமன்றம் எடுக்கும்.

யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர்களுக்கு வேலிச் சண்டையை விளக்க வேண்டியதில்லை. கதியால் ஒரு சாண் அரக்கி நட்டதற்காக, அந்தப் பூவரசு மரமாகிப் பட்டுப்போன பிறகும் வழக்குப் பேசிய குடும்பங்கள் உண்டு. போர் காணிச் சிக்கலை இன்னும் கூட்டியது. உறுதி தொலைந்தது, எல்லை அழிந்தது, ஒருவர் விட்டுப்போன வளவில் இன்னொருவர் இருபது வருடம் குடியிருந்து பிள்ளைகளையும் கட்டிக் கொடுத்துவிட்டார். அங்கே சட்டப்படி உரிமை யாருக்கு என்பதை நீதிபதி சொல்லிவிடலாம். இருவருமே இடம்பெயர்ந்தவர்கள் என்பதை மேசையில் வைத்துப் பேச வேறொரு இடம் தேவைப்படுகிறது. 2003ஆம் ஆண்டின் சட்டத்தின் கீழ் காணிப் பிணக்குகளுக்கென்றே விசேட மத்தியஸ்த சபைகள் அமைந்தது இதற்காகத்தான்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். கணவன் அடிக்கிறான் என்று வரும் பெண்ணை, "பிள்ளைகளை யோசி பிள்ளை" என்று சொல்லி அதே வீட்டுக்கு அனுப்பிவைத்த சபைகள் இருந்திருக்கின்றன. அது மத்தியஸ்தம் இல்லை. ஒருவர் மற்றவரைப் பார்த்துப் பயந்திருக்கும் இடத்தில் இருவரையும் ஒரே மேசையில் இருத்துவதே அநியாயம். இலங்கையில் 2005இல் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் வந்த பிறகும், சமாதானமாய்ப் போகும்படி நெருக்கும் குணம் எளிதில் மாறவில்லை. சாதியும் அப்படித்தான். நடுவில் இருக்கும் மூவரும் ஒரே பக்கத்து ஆட்கள் என்றால், எதிரே இருப்பவர் என்னத்தை மனம்விட்டுக் கதைப்பார்? சபையில் யார் இருக்கிறார்கள் என்பது, அவர்கள் எவ்வளவு பயிற்சி எடுத்தார்கள் என்பதைவிட முக்கியம் என்றே நான் நினைக்கிறேன்.

கனடாவுக்கும் இதில் சொந்தமான ஒரு வரலாறு உண்டு. 1974 மே மாதம் ஒன்றாரியோவின் எல்மைரா என்ற சிற்றூரில் இரண்டு இளைஞர்கள் குடித்துவிட்டு ஒரே இரவில் 22 பேரின் உடைமைகளைச் சேதப்படுத்தினார்கள். கார் டயர்களைக் கிழித்தார்கள், யன்னல்களை உடைத்தார்கள். மார்க் யான்சி என்ற நன்னடத்தை அதிகாரி, இவர்கள் பாதிக்கப்பட்டவர்களை நேரில் சந்தித்தால் என்ன என்று கேட்டார். நீதிபதி ஒத்துக்கொண்டார். யான்சியும் டேவ் வொர்த் என்ற சகாவும் வாசலில் சற்றுத் தள்ளி நிற்க, இளைஞர்கள் தாங்களே வீடு வீடாகக் கதவைத் தட்டி நடந்ததைச் சொன்னார்கள். சில மாதங்களில் நட்டத்தைக் கட்டினார்கள். அந்த இருவரில் ஒருவர் பல ஆண்டுகள் கழித்து இதே துறையில் தொண்டராகச் சேர்ந்தார். அடுத்த இரண்டு ஆண்டுகளில், 1976இல், சான் பிரான்சிஸ்கோவில் ரேமண்ட் ஷோன்ஹோல்ட்ஸ் அயலவர்களையே பயிற்றுவிக்கும் சபைகளைத் தொடங்கினார். இந்தியாவின் 2023ஆம் ஆண்டு மத்தியஸ்தச் சட்டத்திலும் சமூக மத்தியஸ்தத்துக்குத் தனி அத்தியாயம் இருக்கிறது.

லொங்குய்யில் பொலிசாரே இந்தத் திசையில் ஓரடி வைத்தார்கள். ஃபாடி டாகேர் தலைமை அதிகாரியாக இருந்த காலத்தில், அதிகாரிகள் சீருடையும் துப்பாக்கியும் இல்லாமல் ஐந்து கிழமைகள் இங்குள்ள சமூகங்களோடு பழகக் கேட்கப்பட்டார்கள். நல்ல முயற்சிதான். ஆனாலும் பொலிஸ்காரர் பொலிஸ்காரரே. நள்ளிரவில் மேல்தட்டுக் கதவைத் தட்டுபவர் அவராக இருக்க வேண்டிய தேவையே வராதபடி அயல் இருக்க வேண்டும்.

நம்மவர்கள் இதில் சேர்வதற்குத் தடையாக நிற்பவை இரண்டு. முதலாவது பிரெஞ்சு. பல வீடுகளில் பிரெஞ்சு தெரிந்தது பிள்ளைக்கு மட்டும். பதின்மூன்று வயதுப் பிள்ளை அப்பாவின் சண்டையை மொழிபெயர்க்க வேண்டி வருகிறது. பெற்றோரின் கோபத்தையும் அயலவரின் பேச்சையும் ஒரே வாயால் சொல்ல வைப்பது அந்தப் பிள்ளைக்குச் செய்யும் கொடுமை. இங்கே பள்ளிக்கூடம் முடித்து, இரண்டு மொழியும் சரளமாகக் கதைக்கும் இருபத்தைந்து முப்பது வயது இளையவர்கள் ஏராளம் இருக்கிறார்கள். அவர்களில் சிலராவது மத்தியஸ்தப் பயிற்சிக்குப் போக வேண்டும். தமிழருக்காக மட்டுமென்று இல்லாமல், ஹெய்டியரும் மொரோக்கரும் பிரெஞ்சுக்காரரும் வாழும் இந்த அயல் முழுமைக்குமாக.

இரண்டாவது மானம். வீட்டுக் கதை வெளியே போகக்கூடாது என்ற பயம் நம்மிடம் ஆழமானது. சிறிய சமூகத்தில் அது வெறும் கற்பனைப் பயமும் இல்லை. கோயில் திருவிழாவில் சந்திக்கப்போகும் ஒருவரிடம் எப்படி எல்லாவற்றையும் சொல்வது? அங்கே கேட்டதை வெளியே சொல்லக்கூடாது என்பது மத்தியஸ்தரின் முதல் கடமை. தெரிந்த முகம் வேண்டாம் என்றால் வேறொருவரைத் தரும்படி கேட்கலாம். கேட்பதற்குக் காரணமும் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்த கிழமை: பிள்ளைகளுள்ள பெற்றோர் பிரியும்போது கியூபெக் அரசு 1997 முதல் தரும் இலவச குடும்ப மத்தியஸ்த மணித்தியாலங்கள், அவற்றை எப்போது கேட்கலாம், எப்போது கேட்கவே கூடாது.