பாட்டிலுக்குள் தண்ணீர் வரக்கூடாது!



பெங்களூரு பிரேசர் டவுனில் தமிழ், உருது, கன்னடம், மலையாளம் பேசும் குடும்பங்கள் பல தலைமுறைகளாக அடுத்தடுத்த வீடுகளில் வாழ்கின்றன. 1898இல் பெங்களூரைத் தாக்கிய பிளேக் நோய்க்குப் பிறகு, நெரிசல் இல்லாமல் மக்கள் காற்றோட்டமாக வாழவேண்டும் என்று திட்டமிட்டு உருவான பகுதி இது. ரம்ஜான் மாதத்தில் மாஸ்க் ரோட்டின் உணவுக் கடைகளுக்கு ஊரே திரண்டு வரும். கிறிஸ்துமஸ், பொங்கல், ரம்ஜான் என்று எந்தப் பண்டிகை வந்தாலும் பலகாரத் தட்டு ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போகும்.

அந்தத் தட்டில் ஒரு சின்ன பாட்டிலையும் சேர்த்து வைப்போமா? அதற்குள் இருப்பது, வெந்நீர் ஊற்றியதும் மசாலா டீ ஆகிவிடும் பொடி. நாமே தயாரிக்கலாம். கூடவே ஒரு நல்ல அறிவியல் பாடமும் கிடைக்கும்.

பாடத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பசும்பால் 100 கிராமில் ஏறத்தாழ 87 கிராம் தண்ணீர்தான். பறித்த தேயிலைக் கொழுந்திலும் பச்சை இஞ்சியிலும்கூட முக்கால் பங்குக்குக் குறையாமல் தண்ணீர் இருக்கிறது. பாக்டீரியாவும் பூஞ்சையும் வளர அந்தத் தண்ணீர் போதும். அதனால்தான் பால் கெடுகிறது, இஞ்சி அழுகுகிறது. நம் டீப்பொடி கெடாமல் இருக்க மூன்று வேலைகள் நடக்கவேண்டும். தண்ணீரை வெளியேற்றவேண்டும், அது மறுபடி உள்ளே வராமல் காக்கவேண்டும், குடிக்கும் நேரத்தில் மட்டும் அதைத் திரும்ப அழைக்கவேண்டும்.

வெளியே போ, தண்ணீரே!

பாலை அடுப்பில் வைத்துச் சுண்டக் காய்ச்சினால் பால்கோவா வரும், பவுடர் வராது. பால் பவுடர் செய்யும் ஆலையில் பாலை முதலில் கெட்டியாக்குகிறார்கள். பிறகு உயரமான ஓர் அறையின் உச்சியிலிருந்து பனித்துளியைவிட நுண்ணிய துளிகளாகச் சூடான காற்றுக்குள் தெளிக்கிறார்கள். துளி தரையைத் தொடுவதற்குள் நீர் ஆவியாகிவிடும், தூள் மட்டும் விழும்.

நுண்துளியாக்குவதால் என்ன லாபம்? ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். 1 சென்டிமீட்டர் பக்கமுள்ள கனசதுரத்துக்கு 6 முகங்கள். மொத்தப் பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதையே 1 மில்லிமீட்டர் கனசதுரங்களாக வெட்டினால் 1000 துண்டுகள் கிடைக்கும். அவற்றின் மொத்தப் பரப்பு 60 சதுர சென்டிமீட்டர்! பொருள் அதேதான், பரப்பு மட்டும் பத்து மடங்கு. நீர் வெளியேற அத்தனை வாசல்கள் திறந்துவிட்டன என்று பொருள்.

எருமைப்பாலை இப்படிப் பவுடராக்க முடியாது என்று வெளிநாட்டு நிபுணர்கள் சொல்லியிருந்தார்கள். குஜராத்தின் ஆனந்த் நகரில் எச்.எம். தலாயா என்ற பொறியாளர் அதைச் செய்துகாட்டினார். அங்கே அமுல் கூட்டுறவின் பால் பவுடர் ஆலையை 1955 அக்டோபர் 31 அன்று பிரதமர் நேரு திறந்துவைத்தார்.

அடுத்தது இஞ்சி. பச்சை இஞ்சியின் காரத்துக்கு ஜிஞ்சரால் என்ற வேதிப்பொருள் காரணம். இஞ்சி காயும்போது ஜிஞ்சராலில் ஒரு பகுதி, தன் மூலக்கூறிலிருந்தே ஒரு நீர் மூலக்கூறை இழந்து ஷோகால் என்ற வேறு பொருளாகிறது. ஷோகாலுக்குக் காரம் இன்னும் அதிகம். சுக்கு நாக்கில் சுரீரென்று உறைப்பது இதனால்தான்.

பச்சை இஞ்சியில் ஜிஞ்சிபெயின் என்ற நொதியும் இருக்கிறது. அது பால் புரதத்தை வெட்டி, பாலைத் திரியவைக்கும். சீனாவின் குவாங்டாங் பகுதியில், மிதமான சூட்டிலுள்ள பாலை இஞ்சிச் சாற்றின்மேல் ஊற்றி, அது தயிர்போல உறைந்ததும் இனிப்பாகச் சாப்பிடுகிறார்கள். உலர்த்தும்போதும் கொதிக்கவைக்கும்போதும் இந்த நொதியின் வேலைத்திறன் குறைந்துவிடும். நம் பொடிக்குச் சுக்கு பொருத்தமாக இருக்க இதுவும் ஒரு காரணம்.

சரி, டீத்தூள்? அது ஏற்கெனவே உலர்ந்ததுதானே, அப்படியே கலந்துவிடலாமா? கூடாது. தேயிலையின் செல் சுவர்கள் செல்லுலோஸால் ஆனவை, அவை நீரில் கரையாது. நல்ல டீத்தூளில் குறைந்தது 32 சதவீதம் வெந்நீரில் இறங்கவேண்டும் என்பது உலகத் தர அளவு. மீதிதான் நாம் வடிகட்டியில் தட்டிக் கொட்டும் சக்கை. இன்ஸ்டன்ட் டீத்தூள் வேறு வகை. ஆலையிலேயே டிகாக்ஷன் இறக்கி, சக்கையை நீக்கி, அந்தச் சாற்றை மட்டும் உலர்த்தியிருப்பார்கள். அதனால் முழுக்கக் கரையும்.

உள்ளே வராதே, தண்ணீரே!

பால் பவுடர் டப்பாவைத் திறந்தே வைத்தால் கட்டி பிடிக்கும், பார்த்திருப்பீர்கள். பாலில் லாக்டோஸ் என்ற சர்க்கரை இருக்கிறது. நொடிப்பொழுதில் உலர்ந்துவிடுவதால், அதன் மூலக்கூறுகளுக்கு ஒழுங்காக அணிவகுத்துப் படிகமாக நேரம் கிடைப்பதில்லை. தாறுமாறாக நிற்கும் லாக்டோஸ், காற்றிலுள்ள ஈரத்தை ஆவலோடு இழுத்துக்கொள்ளும். துகளின் மேற்பரப்பு பிசுபிசுக்கும், பக்கத்துத் துகளோடு ஒட்டும். கடைசியில் கல்போல் இறுகும்.

ஆகவே மழைக்காலத்தில் இந்த வேலை வேண்டாம். டிசம்பர், ஜனவரியில் பெங்களூரின் காலைக்காற்றில் பனி ஈரம் இருக்கும். வெயில் ஏறிய நடுப்பகலில் காற்று வறண்டிருக்கும், அதுவே நல்ல நேரம். பாட்டிலையும் மூடியையும் கழுவி வெயிலில் காயவையுங்கள். மூடியின் உள்வளையத்தில் ஒரு சொட்டு ஒளிந்திருந்தாலும் போதும், பொடி வீணாகிவிடும்.

ஏலக்காயைக் கடைசியில் பொடிக்கவேண்டும். கனசதுரக் கணக்கு நினைவிருக்கிறதா? பொடித்ததும் பரப்பு பெருகும், மணம் தரும் எண்ணெயும் வேகமாகப் பறந்துபோகும். தோலோடு இருக்கும்வரை விதைக்குள் மணம் பத்திரம்.

செய்துபார்ப்போம்

மிக்ஸி வேலையைப் பெரியவர்கள் செய்யட்டும். அளப்பது, சலிப்பது, கலப்பது உங்கள் பொறுப்பு.

பால் பவுடர் – 1 கப்
பொடித்த சர்க்கரை – அரை கப்
இன்ஸ்டன்ட் டீத்தூள் – கால் கப்
சுக்குப்பொடி – 2 டீஸ்பூன்
ஏலக்காய்ப்பொடி – 1 டீஸ்பூன்
பட்டைப்பொடி – அரை டீஸ்பூன்
கிராம்புப்பொடி, மிளகுத்தூள் – தலா கால் டீஸ்பூன்

மசாலாப் பொடிகளை மெல்லிய துணியில் சலித்தெடுங்கள். சித்த மருந்து செய்பவர்கள் இதை வஸ்திரகாயம் என்பார்கள். எல்லாவற்றையும் ஈரமில்லாத கரண்டியால் கலந்து, பாட்டிலில் நிரப்பி இறுக மூடுங்கள். இன்ஸ்டன்ட் டீத்தூள் கிடைக்கவில்லையா? அதை விட்டுவிட்டு மற்றவற்றைக் கலந்து, பாட்டில் கழுத்தில் சில டீ பேக்குகளைக் கட்டிக் கொடுக்கலாம். சின்னப் பிள்ளைகளுக்கு டீயிலுள்ள கஃபீன் வேண்டாம். அவர்களுக்கு டீ சேர்க்காத சுக்குப் பாலே ருசியாக இருக்கும்.

இப்போது வா, தண்ணீரே!

பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டருக்கு மேலே இருக்கிறது. உயரம் கூடினால் காற்றழுத்தம் குறையும், தண்ணீர் சீக்கிரமே கொதித்துவிடும். சென்னையில் சுமார் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் தண்ணீர், பிரேசர் டவுனில் ஏறத்தாழ 97 டிகிரியிலேயே கொதிக்கும். ஊட்டியில் இன்னும் குறைவு. நம் பொடி கரைய 97 டிகிரி தாராளம். டீ பேக் என்றால் இன்னும் கொஞ்ச நேரம் ஊறவிடுங்கள்.

ஒரு தம்ளருக்கு இரண்டு மேசைக்கரண்டிப் பொடி போதும். எடுத்தவுடன் கொதிநீரை ஊற்றினால் பால் பவுடர் உருண்டை உருண்டையாகத் திரளும். உருண்டையின் வெளிப்புறம் நனைந்து பசையாகி, உள்ளே நீர் போகாமல் தடுத்துவிடுவதே காரணம். முதலில் இரண்டு ஸ்பூன் வெதுவெதுப்பான நீரில் குழைத்து, பிறகு பெரியவர் ஒருவர் துணையோடு வெந்நீரை ஊற்றிக் கலக்குங்கள்.

குடித்து முடித்தால் அடியில் கொஞ்சம் வண்டல் தங்கும். அது பட்டை, சுக்கின் கரையாத நார். அவற்றின் மணம் வண்டலோடு தங்கிவிடுவதில்லை. மசாலா எண்ணெய்கள் நீரைவிடக் கொழுப்பில் நன்றாகக் கரையும். பால் பவுடரிலுள்ள கொழுப்பு அந்த மணத்தைப் பிடித்து நாக்குவரை கொண்டுவருகிறது.

ஒரு சோதனை

மூன்று சின்னக் கிண்ணங்களில் ஒவ்வொரு ஸ்பூன் போடுங்கள். ஒன்றில் சர்க்கரை, இன்னொன்றில் பால் பவுடர், மூன்றாவதில் நம் கலவை. மூன்றையும் மூடாமல் அடுக்களையில் வைத்து, தினமும் ஸ்பூனால் தொட்டுப்பார்த்து எழுதுங்கள். எது முதலில் ஒட்டுகிறது? மழை பெய்த நாளில் என்ன மாற்றம்? சோதனைப் பொடியைக் கடைசியில் கொட்டிவிடுங்கள், குடிக்கவேண்டாம்.

பரிசு பாட்டிலில் ஒட்டும் சீட்டில் செய்த தேதி, என்னென்ன சேர்த்தோம், எப்படிக் கலக்குவது, ஒரு மாதத்துக்குள் பயன்படுத்தவும் என்ற நான்கையும் தெளிவாக எழுதுங்கள். பால் ஒவ்வாதவர்களும் சர்க்கரை நோயாளிகளும் நம் தெருவிலேயே இருப்பார்கள். சர்க்கரை போடாவிட்டாலும் பால் பவுடரில் லாக்டோஸ் உண்டு என்பது இப்போது உங்களுக்குத் தெரியும். அவர்களுக்காகப் பாலும் சர்க்கரையும் இல்லாத சுக்கு, ஏலக்காய்ப் பொடியை மட்டும் தனிப் பாட்டிலில் போட்டுக் கொடுங்கள். யார் குடிக்கப்போகிறார்கள் என்று கேட்டுவிட்டுச் செய்யுங்கள், அப்போதுதான் அது அவர்களுக்கான பரிசு.