பிரசங்கம் நல்லா இருக்கு, போதகரை யார் கேள்வி கேட்கிறாங்க?

ரவி சகரியாஸ் 1946-ல் மெட்ராஸில் பிறந்தவர். வெளிநாட்டில் வளர்ந்த நம்ம தலைமுறைக் கிறிஸ்தவர்களில் பலருக்கு அவர் ஒரு பெருமை. நம்ம ஊர்க்காரர், பல்கலைக்கழக மேடையில் நின்று, கடவுள் உண்டா என்று கேட்கிறவர்களுக்கு இங்கிலீஷில் பொறுமையாகப் பதில் சொல்வார். 2020 மே மாதம் இறந்தார்.

2021 பிப்ரவரியில், அவருடைய ஊழிய நிறுவனமே அமர்த்திய வழக்கறிஞர்களின் அறிக்கை வந்தது. மசாஜ் செய்த பெண்கள் பலரிடம் வருஷக்கணக்காகப் பாலியல் அத்துமீறல். அவர்களில் நாலு பேருக்கு ஏழைகளுக்கு உதவ என்று வைத்திருந்த நிதியிலிருந்தே பணம் போயிருக்கிறது. ஒரு பெண்ணிடம், நீ வாய் திறந்தால் லட்சக்கணக்கான ஆத்துமாக்கள் கெட்டுப்போக நீதான் காரணம் என்று மிரட்டியிருக்கிறார். 2017-லேயே கனடாவில் ஒரு பெண் அவர்மேல் புகார் சொல்லியிருந்தார். போர்டு அவர் பேச்சை அப்படியே நம்பியது.

நான் இதில் கவனித்தது வேற. அவர் உபதேசத்தில் பெரிய பிழை எதுவும் இல்லை! பெரோயா ஊர்க்காரர்கள் மாதிரி, கேட்டதை வேதத்தோடு ஒப்பிட்டுப் பார் என்றுதான் சபையில் சொல்லித் தருவாங்க. நல்ல பழக்கம்தான். ஆனா அந்த டெஸ்டில் இவர் பாஸ் ஆகிவிடுவார். ஆதிச் சபையின் ‘திதாகே’ கையேட்டுக்கு இது தெரிந்திருந்தது: ஊர் ஊராக வருகிற ஊழியர் மூணு நாள் தங்கினாலோ பணம் கேட்டாலோ போலி என்று, பேச்சை விட்டு நடத்தையைப் பார்க்கிறது.

"அபிஷேகம் பண்ணப்பட்டவரைக் கேள்வி கேட்காதே" என்று யாராவது சொன்னால் எனக்கு உடனே சந்தேகம் வரும். தாவீது சவுலைக் கொல்லத்தான் மறுத்தான். மூவாயிரம் பேர் சேனையோடு வந்த ராஜாவிடம், ஏன் என்னைத் துரத்துகிறீர் என்று முகத்துக்கு நேராகவே கேட்டான். பிற்பாடு அதே தாவீதை நாத்தான் கேட்டார்.

சிட்னியிலும் நடந்திருக்கு. ஹில்சாங் நிறுவனரின் அப்பா ஃபிராங்க் ஹூஸ்டன் 1970-களில் ஒரு சிறுவனைச் சீரழித்தது, 1999-ல் தலைவர்களுக்குத் தெரிந்தும் போலீசுக்குப் போகவில்லை. சபைப் பிரிவின் தேசியத் தலைவராக இருந்த மகனே அதைக் கையாண்டது தவறு என்று ராயல் கமிஷன் 2015-ல் சொன்னது. குற்றத்தை மறைத்ததாக மகன்மேல் போட்ட வழக்கில் 2023-ல் விடுதலையானார்.

மேய்ஸ் ஹில், வெஸ்ட்மீட் பக்கம் வீட்டு ஜெபக்கூட்டத்துக்கோ யூத் கேம்புக்கோ பிள்ளையை அனுப்புகிறோம் என்றால், சிறுவர்களோடு வேலை செய்ய வேண்டிய அரசு அனுமதி நம்பரை ஆன்லைனில் சரிபார்த்தீங்களா என்று சபையைக் கேட்கலாம். நம்பரை நோட்டில் எழுதி வைத்தால் மட்டும் போதாது. சபையின் பெயரை அறநிறுவனப் பதிவேட்டில் இலவசமாகத் தேடலாம். ஆனா பல மதச் சபைகள் அங்கே வரவுசெலவு காட்டத் தேவையில்லை, அதனால் நேரிலேயே கேட்கணும். கேட்டதும் போதகர் முகம் எப்படி மாறுகிறது என்று பாருங்க. கணக்கை நீட்டுகிறவர் வேறு, உன் விசுவாசம் குறைஞ்சிருக்கு என்கிறவர் வேறு.

பிள்ளையிடம், "அம்மாகிட்ட சொல்லாதே" என்று எந்தப் பெரியவர் சொன்னாலும் அன்றே வந்து சொல் என்று சொல்லி வைக்கலாம். நியூ சவுத் வேல்ஸில் 2020 மார்ச் முதல், பிள்ளைக்கு ஆபத்து என்று சந்தேகம் வந்தால் போதகர்களும் அரசுக்குத் தெரிவித்தே ஆகணும். நாம் அவர்கள் வழியாகப் போக வேண்டியதில்லை. 132 111-க்கு நேராகவே கூப்பிடலாம்.